நோர்வூட்டிலிருந்து கோத்தகிரிக்கு: அம்மாவுக்கு விமான டிக்கட் எடுத்த கணக்கு

அம்மாவின் தங்கை 1972 இல் இந்தியாவுக்குப் போனார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரம் வழியாக மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். 1964 ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக இருந்தது. தாத்தா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அம்மா அதற்குள் கல்யாணமாகி, அப்பாவோடு இலங்கைப் பிரஜையாகப் பதிவாகியிருந்தார். அதனால் அக்கா இங்கே ஹட்டன் பக்கத்து நோர்வூட்டில், தங்கச்சி அங்கே.

சின்னம்மா நீலகிரி மலையில், கோத்தகிரியில் இருக்கிறார். இங்கிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய டேன்டீ தோட்டத்தில் ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தார். இங்கே எடுத்த அதே கொழுந்து. இருவரும் பல வருடமாக வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் 2024 ஒக்டோபரில் ஒரு நாள் போனை வைத்துவிட்டு அம்மா, "நடக்கிற காலம் இருக்கப்பவே தங்கச்சிய ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்துடுறேன் புள்ள" என்றார். அம்மா என்னிடம் தனக்கென்று கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான்.

நான் கணித ஆசிரியை. விமானத்தில் ஏறியது கிடையாது. ஒரு சிஆர் கொப்பியை எடுத்து அன்றிரவே கணக்குப் போடத் தொடங்கினேன். நாலு மாதத்தில் அந்தக் கொப்பி நிறைந்துவிட்டது. மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பயணம் காத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காக அந்தக் கொப்பியில் இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து எந்த ஊருக்கு டிக்கட் ஆகக் குறைவு என்று மட்டும் ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தேன். திருச்சி குறைவாக இருந்தது. சந்தோஷப்பட்டு சின்னம்மாவின் மகனிடம் சொன்னேன். அவன் கேட்டான், "அக்கா, திருச்சியில எறங்கி பெரியம்மாவ எப்பிடி கோத்தகிரிக்கு கூட்டிட்டு வருவீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விமான டிக்கட்டின் விலையை விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு எண்ணக்கூடாது. நம் வீட்டு வாசலிலிருந்து அவர்கள் வீட்டு வாசல்வரை எண்ணவேண்டும். இதைப் பிடித்துக்கொண்டபிறகு எல்லாமே தெளிவாகிவிட்டது. கொப்பியில் இரண்டு பக்கத்தை எதிரெதிரே வைத்து எழுதினேன்.

இடதுபக்கம் திருச்சி. போய்வர ஒருவருக்கு 61,800 ரூபாய். அம்மா, நான், கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி, மூன்று பேருக்கு 185,400. திருச்சியிலிருந்து கோயம்புத்தூர் 200 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து மேட்டுப்பாளையம், அப்புறம் மலை ஏறவேண்டும். பஸ்ஸில் மூன்று இடத்தில் மாறி ஏறலாம், செலவும் குறைவு. ஆனால் அம்மாவுக்கு 73 வயது, முழங்காலில் வருத்தம். கார் பிடித்தால் போக 6,500 இந்திய ரூபாய், வர அதே அளவு. அன்று ஒரு இந்திய ரூபாய் நமது காசில் 3 ரூபாய் 40 சதம். ஆக 44,200. கூட்டினால் 229,600.

வலதுபக்கம் சென்னை. டிக்கட் ஒருவருக்கு 66,300, மூன்று பேருக்கு 198,900. பார்த்தவுடன் 13,500 ரூபாய் கூட. ஆனால் சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு ஒன்பது மணி வாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. படுத்துத் தூங்கினால் காலை ஆறு மணி கடந்து மேட்டுப்பாளையம், மலையின் அடிவாரம். அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீற்றர்தான், பஸ் இருக்கிறது. ஏசி பெட்டியில் மூன்று படுக்கை, சென்னையில் டாக்சி, கடைசி பஸ், எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு 3,900 இந்திய ரூபாய். போக வர நமது காசில் 26,520. கூட்டினால் 225,420.

விலை கூடிய டிக்கட்தான் எங்களுக்கு நாலாயிரம் ரூபாய் மலிவாக வந்தது. அதோடு அம்மா ஒரு முழு இரவு காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம். இன்னொரு விஷயம், நீலகிரிக்குள் வெளி வாகனம் போவதற்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்கவேண்டும். கார் பிடிக்கிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் சொந்தம் இருக்கும் ஊருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், திருச்சி. இராமநாதபுரம், சிவகங்கை என்றால் மதுரை. கூடலூர், பந்தலூர் பக்கம் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அதற்குக் கொச்சியையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் கேரளப் பக்கத்திலிருந்தும் மலை ஏறலாம். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் உண்டு, ஆனால் ஹட்டன் பக்கத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் நேரமும் காசும் நமக்குக் கட்டாது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபர் முதல் கப்பலும் விட்டார்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அது நின்றுவிடும். நான் அதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தபோது அம்மா, "கப்பல் வேணாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். தங்கச்சியைக் கொண்டுபோனது கப்பல் அல்லவா. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

சரி, ஊர் முடிவானது. அடுத்தது காலம்.

இந்தியாவுக்குப் போகும் விமானங்கள் எப்போது நிறையும் என்பது நம் ஆட்களுக்குக் கொஞ்சம் யோசித்தால் தானாகவே தெரியும். கார்த்திகை மாலை போட்டதிலிருந்து தை மகரஜோதிவரை ஐயப்ப சாமிமார் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஓகஸ்ட் 29 இல் வேளாங்கண்ணிக் கொடியேற்றம், செப்டெம்பர் 8 பெருநாள். அந்த நாட்களில் திருச்சி விமானத்தில் இடம் தேடுவது கஷ்டம். தீபாவளிக்கு முன்னால் உடுப்பு எடுக்கும் வியாபாரிகள் சென்னைக்குப் படையெடுப்பார்கள். சித்திரை வருடப்பிறப்பு, ஓகஸ்ட், டிசம்பர் மூன்றும் பாடசாலை விடுமுறை. கோத்தகிரி, ஊட்டி பக்கம் போவதென்றால் ஏப்ரல், மே அங்கே சுற்றுலாக் காலம் வேறு.

இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது பொங்கல் கழிந்து பங்குனிவரை உள்ள காலமும், ஜூன், ஜூலையில் ஒரு பகுதியும். நான் பெப்ரவரியைப் பிடித்தேன். ஆசிரியர்கள் வழமையாக விடுமுறையில்தான் போவார்கள், நானும் முதலில் டிசம்பரைத்தான் பார்த்தேன். ஆனால் மூன்று டிக்கட்டிலும் சேர்ந்து வரும் வித்தியாசத்தைக் கண்டபிறகு லீவு எடுக்கத் தீர்மானித்தேன். அரச ஊழியர்கள் ஒன்றை மறக்கவேண்டாம்: நாட்டைவிட்டுப் போக வெளிநாட்டு விடுமுறை அனுமதி தேவை. அதிபர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, அனுமதி வரும் நாளைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் டிக்கட் பக்கம் போகவேண்டும்.

காலத்தை முடிவு செய்தபிறகு கிழமை. இதில்தான் வீட்டில் ஒரு பெரிய பேச்சுவார்த்தை நடந்தது.

கூகுள் ஃப்ளைட்ஸில் நாள் பெட்டியைத் தொட்டால் ஒவ்வொரு திகதிக்கும் அடியில் ஒரு விலை வரும். பெப்ரவரி மாதத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளி போய் ஞாயிறு வருவது 66,300 இலேயே நின்றது. அந்த வாரத்திலேயே செவ்வாய் போய் அடுத்த செவ்வாய் வந்தால் 60,400. சென்னைக்குச் சாமான் எடுக்கப் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் வார இறுதியைப் பார்த்துத்தான் போய்வருவார்கள், நடுவாரத்தில் இடம் மிஞ்சும். மூன்று பேருக்கு 17,700 ரூபாய் மிச்சம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா பதில் பேசவில்லை. எழுந்து போய்ச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமைத் தாளைத் தூக்கிக் காட்டினார். அடியில் சின்ன எழுத்தில், சூலம் வடக்கு என்று இருந்தது. இந்தியா எந்தப் பக்கம்? வடக்கு. புதன்கிழமைத் தாளும் அதேதான், வடக்கே சூலம். மலிவான இரண்டு நாளும் அம்மாவுக்கு ஆகாத நாள்.

எனக்கு அதை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. 52 வருடம் காத்திருந்து போகிற பயணத்தை மனதில் சஞ்சலத்தோடு தொடங்க வைத்து என்ன பயன்? வெள்ளிக்கிழமையே எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் தாளிலேயே சூலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது: பரிகாரம் பால். பால் குடித்துவிட்டுப் புறப்பட்டால் தோஷம் இல்லை என்று பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். "அப்ப சரி" என்றார். அந்த ஒரு சொல் எங்களுக்கு 17,700 ரூபாய்.

செவ்வாய் எப்போதும் மலிவு என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்கள் போக விரும்பாத நாள் எதுவோ அதுதான் மலிவு. அது பாதைக்குப் பாதை மாறும், நீங்களே விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

விமானத்தின் நேரத்தையும் வாசல் கணக்கில் சேர்க்கவேண்டும். காலை ஏழு மணி விமானம் எங்களுக்கு ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாய் குறைவாக இருந்தது. ஆனால் மூன்று மணித்தியாலம் முன்னால் கட்டுநாயக்கவில் இருக்கவேண்டும். நோர்வூட்டிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று வேன் இறங்க ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அப்படியென்றால் முதல் நாள் இரவு பத்து மணிக்குப் புறப்படவேண்டும். பனியில், வளைவில், இரவில். மழை பெய்திருந்தால் மண் சரிந்து பாதை அடைபடும் பயம் வேறு. நான் மதிய விமானத்தை எடுத்தேன். விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டு, கித்துல்கலவில் தேநீர் குடித்து, நிதானமாகப் போய்ச் சேர்ந்தோம். மலையில் இருப்பவர்கள் அதிகாலை விமானத்தின் மலிவை நம்பி ஏமாறக்கூடாது.

இனி தேடும் முறை. கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டும் போனிலேயே வேலை செய்யும். நாட்டையும் காசையும் இலங்கை ரூபாய் என்று மாற்றிக்கொள்ளுங்கள். விலை எச்சரிக்கையைப் போட்டுவிட்டால் ஏறினாலும் இறங்கினாலும் மெயில் வரும். நான் அதையும் நம்பாமல் தினமும் இரவு சாப்பிட்டபிறகு ஒருமுறை பார்த்துக் கொப்பியில் எழுதினேன். நவம்பர் நடுவில் அதே செவ்வாய்க்கு 68,000 வரை இருந்தது. டிசம்பர் மூன்றாம் வாரம் 60,400 க்கு இறங்கியது. புது வருடம் பிறந்தபிறகு பார்த்தால் 69,000. எழுதிவைத்திருந்ததால்தான் இறங்கியபோது அது இறக்கம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு மலிவா இல்லையா என்று யாராலும் சொல்லமுடியாது. கொப்பியில் ஒரு மாதத்து விலை இருந்தால் சொல்லலாம்.

அடிக்கடி பார்த்தால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் பயமுறுத்தினார். அப்படி இல்லை. ஒரு விமானத்தில் சாதாரண வகுப்பு ஆசனங்களையே பல படியாகப் பிரித்துவைத்து விற்கிறார்கள். ஆகக் குறைந்த படியில் சில ஆசனம், அது தீர்ந்தால் அடுத்த படி. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு யாரோ வாங்கிவிட்டால் நமக்கு மேல் படி தெரியும்.

இந்தப் படி விஷயத்தைத் தெரிந்துகொண்டதால் ஒரு நல்ல வழி கிடைத்தது. மூன்று பேருக்கு என்று தேடினால், மூன்று ஆசனமும் சேர்ந்து கிடைக்கும் படியின் விலையை எல்லோருக்கும் காட்டும். கீழ்ப்படியில் இரண்டு ஆசனம் மிஞ்சியிருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. நான் ஒருவருக்குத் தேடினேன்: 57,900. இருவருக்கு: 57,900. மூவருக்கு: 60,400. அப்படியென்றால் கீழ்ப்படியில் இரண்டுதான் பாக்கி. அம்மாவுக்கும் எனக்கும் முதலில் எடுத்து, அடுத்த நிமிடமே தம்பிக்குத் தனியாக எடுத்தேன். மொத்தம் 176,200. மூவருக்கும் சேர்த்து எடுத்திருந்தால் 181,200. ஐந்தாயிரம் ரூபாய், இரண்டு நிமிட வேலை. ஆனால் வயதானவரை ஒருபோதும் தனிப் பதிவில் விடாதீர்கள். விமானம் மாறினாலோ தாமதமானாலோ ஒரே பதிவில் இருப்பவர்களைத்தான் ஒன்றாக நகர்த்துவார்கள். அதனால்தான் அம்மாவை என்னோடு சேர்த்தேன்.

எங்கே தேடினாலும், வாங்குவது விமானக் கம்பனியின் சொந்தத் தளத்தில் இருக்கட்டும். நாங்கள் போனபோது கொழும்பு–சென்னைக்கு ஸ்ரீலங்கன், இண்டிகோ, எயார் இந்தியா மூன்றும் பறந்தன. இடையில் முன்பின் தெரியாத விற்பனைத் தளங்கள் இரண்டாயிரம், மூவாயிரம் குறைத்துக் காட்டும். விமானம் இரத்தானால் கம்பனி நம்மை அந்தத் தளத்திடம் அனுப்பும், அந்தத் தளத்துக்கு கோல் எடுத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். அந்த மூவாயிரத்துக்கு அவ்வளவு பெறுமதி இல்லை.

இரண்டு தனி டிக்கட்டை ஒட்டவைத்துப் போவதையும் யோசித்துச் செய்யுங்கள். கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒன்று, சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு வேறொன்று என்று தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது போனது போனதுதான், காசும் போகும். நானும் ரயிலை ஒட்டவைத்தவள்தான். அதனால் சென்னையில் இறங்கும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவில் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாமல் விட்டேன். இந்திய ரயிலில் 60 நாளுக்கு முன்தான் முன்பதிவு திறக்கும். சின்னம்மாவின் மகன் அன்று காலையிலேயே தன் கணக்கில் படுக்கை மூன்றையும் போட்டுவிட்டு, "கன்பார்ம் அக்கா" என்று படம் அனுப்பினான். அதைப் பார்த்தபிறகுதான் விமானத்துக்குக் காசு கட்டினேன்.

பொதியைப் பற்றி. டிக்கட் விலை குறைவாக இருந்தால் அதில் எத்தனை கிலோ அடங்கும் என்று உடனே பாருங்கள். நான் ஒரு இடத்தில் 52,500 ஐக் கண்டு துள்ளினேன். பொதிக்கான காசையும் சேர்த்துப் பார்த்தபோது மற்றதைத் தாண்டிவிட்டது. கையில் கொண்டுபோவது 7 கிலோ. எங்கள் மாதிரிப் பயணத்தில் 7 கிலோ எந்த மூலைக்குக் காணும்? அம்மாவின் பட்டியல் மாத்திரம் ஒரு பக்கம்: தான் கொழுந்தெடுத்த தோட்டத்துத் தேயிலைத் தூள் மூன்று கிலோ, மாசி, கித்துள் பாணி இரண்டு போத்தல், சின்னம்மாவுக்கும் மருமகளுக்கும் சேலை, ஒரு கம்பளிப் போர்வை. "அங்கயும் தேயிலைதானே அம்மா" என்று கேட்டேன். "அவ பொறந்த தோட்டத்துத் தூள் அங்க இருக்கா?" என்று கேட்டார். மூன்று கிலோவும் போனது. பாணி கையில் கொண்டுபோகக் கூடாது, பெரிய பொதிக்குள் பொலித்தீன் சுற்றி வையுங்கள். எடை கூடும் என்று தெரிந்தால் இணையத்திலேயே முன்கூட்டிக் கட்டுங்கள். கவுண்டரில் கட்டினால் விலை கூட.

இப்போது எனக்கு நடந்த ஒன்று. நானே வாங்கத் தொடங்குவதற்கு முன்னால், நவம்பரில், பக்கத்து நகரத்தில் ஒரு முகவரிடம் போனேன். 30,000 ரூபாய் முற்பணம் வாங்கிக்கொண்டு ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார். அதில் எங்கள் பெயர், விமானம், நேரம், ஆறு எழுத்துக் குறியீடு எல்லாம் இருந்தன. அம்மா அதைச் சாமிப் படத்துக்கு அடியில் வைத்தார். பத்து நாள் கழித்து அந்தக் குறியீட்டைக் கம்பனித் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பதிவே இல்லை. இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள், டிக்கட் போடவில்லை. நாள் கடந்ததும் அது தானாக இரத்தாகிவிட்டது. ஆறு தடவை ஏறி இறங்கி, ஜனவரியில்தான் முற்பணம் திரும்பி வந்தது. அம்மாவிடம் அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

எல்லா முகவரும் அப்படி என்று சொல்லமாட்டேன். கார்ட் இல்லாதவர்களுக்கும், சாமிமார் நாற்பது பேர் சேர்ந்து போவதற்கும் முகவர்தான் வசதி. ஆனால் அந்த ஆறு எழுத்து வெறும் பதிவுக் குறியீடு. ஸ்ரீலங்கன், எயார் இந்தியா போன்ற கம்பனிகளில் டிக்கட் என்பது பதின்மூன்று இலக்க எண். ஸ்ரீலங்கன் டிக்கட் என்றால் அது 603 என்று தொடங்கும். காசு கொடுக்கும்போது, "டிக்கட் நம்பர் எங்கே?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து கம்பனித் தளத்தில் குறியீட்டையும் குடும்பப் பெயரையும் போட்டு, பதிவு உறுதியாகியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

பெயர் என்றதும் நம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் பதிந்த பெயர்கள் எப்படியெப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவின் பெயரில் உள்ள லெட்சுமி பிறப்புப் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. டிக்கட்டுக்கு அவை எதுவும் தேவையில்லை. பாஸ்போர்ட்டில் இருப்பது மட்டும்தான். படம் உள்ள பக்கத்தின் அடியில் எழுத்தும் அம்புக்குறியுமாக இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் எல், கே, ஏ என்ற மூன்று எழுத்துக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர். அப்புறம் இரண்டு அம்புக்குறி சேர்ந்து வரும். அதற்குப் பிறகு வருவது மற்றப் பெயர்கள். அந்த வரியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள். நான் அடித்தேன், தம்பி வாசித்தான், பிறகு அவன் அடித்ததை நான் வாசித்தேன். பிழையாகப் போட்டுவிட்டால் திருத்தக் காசு கேட்பார்கள், சில டிக்கட்டைத் திருத்தவே முடியாது.

பாஸ்போர்ட்டில் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கவேண்டும். விசாவை நான் கண்டியில் கொடுத்து எடுத்தேன். இணையத்தில் ஈ-விசாவும் உண்டு, ஆனால் அம்மாவின் பெயர்ச் சிக்கலை நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ள எனக்கு விருப்பம். விசா வருவதற்கு முன் விலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள், வாங்கவேண்டாம். வந்தபிறகு வாங்குங்கள்.

காசு கட்டுவதற்கு முதல் நாள் வங்கிக்கு கோல் எடுத்து, கார்ட்டில் இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, ஒரே நாளில் எவ்வளவு கட்டலாம் என்று கேட்டுவிடுங்கள். கம்பனித் தளத்தில் நாட்டை இலங்கை என்று போட்டு, தொகை இலங்கை ரூபாயில் வருகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக் காசில் கட்டினால் வங்கி மாற்றுக் கட்டணமும் வரியும் சேர்க்கும், கடைசிப் பக்கத்தில் கண்ட விலை கணக்குத் தாளில் வராது.

சக்கர நாற்காலிக்குக் காசு இல்லை. இதை எத்தனையோ பேர் தெரியாமல் வயதான அம்மா அப்பாவைக் கட்டுநாயக்கவில் நடக்கவைக்கிறார்கள். டிக்கட் போட்டபிறகு கம்பனிக்குச் சொல்லிவிட்டால், கவுண்டரிலிருந்து விமானக் கதவுவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போவார். அம்மா முதலில், நான் என்ன நோயாளியா என்று மறுத்தார். பிறகு அந்தப் பையன் பதுளைப் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் வழி முழுவதும் அவனோடு பேசிக்கொண்டே போனார்.

அன்று விடிய நாலரைக்கு அம்மாவுக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தேன். வடக்கே பார்த்து நின்று, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மறுநாள் காலை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் தம்பியும் பொதிகளோடு கொஞ்சம் தள்ளியே நின்றோம்.

இப்போது சின்னம்மாவின் முறை. அவருடைய பாஸ்போர்ட் போன மாதம் கைக்கு வந்தது. அவருக்கு நோர்வூட்டுக்கு வரவேண்டும், பிறந்த லயத்தைப் பார்க்கவேண்டும். அங்கிருந்து புறப்படுகிற போக வர டிக்கட்டுக்கு இங்கிருந்து புறப்படுவதைவிட வேறு விலை, இந்திய ரூபாயில். அதனால் புதுக் கொப்பி ஒன்று தொடங்கிச் சென்னை–கொழும்புக்கு எச்சரிக்கை போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை பார்த்ததில் வியாழக்கிழமைதான் குறைவு. நேற்று அதைச் சொன்னேன். போனின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை, தாள் புரட்டுவது கேட்டது. "வியாழக்கிழம தெக்கே சூலம் புள்ள" என்றார் சின்னம்மா. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினார். "அதுக்குத் தைலம். ஒரு சொட்டு தலையில வச்சிட்டு வா."